பள்ளிக்கூடம் யார் பெயரில் இருக்கிறது?

 

இந்த நினைவுச் சொற்பொழிவு யார் பெயரால் ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்த வாத்தியார் படித்ததும் பிறகு பாடம் சொல்லிக்கொடுத்ததும் ஒரே கட்டடத்தில். சேரியின் தலைமாட்டில் இரண்டு அறை, ஒரு திண்ணை, நாட்டு ஓடு. பெயர்ப்பலகையில் அரசு ஆதிதிராவிடர் நலத் தொடக்கப்பள்ளி என்று எழுதியிருந்தாலும் பெரியவர்கள் கடைசிவரை அதை 'லேபர் ஸ்கூல்' என்றே சொன்னார்கள். தாழ்த்தப்பட்டோர் நலனுக்காக வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய லேபர் துறை நடத்திய பள்ளி என்பதால் வந்த பெயர். புதுக் கட்டடம் கட்டிப் பள்ளி இடம் மாறிய பிறகு பழைய கட்டடம் பூட்டிக் கிடந்தது. 2022இல் ஒரு காலையில் ஜேசிபி வந்தது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

இடித்தவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. முந்தைய டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை அகற்றும் வேலை வேகமாக நடந்தது. பிள்ளைகளின் உயிரைவிட ஓடும் உத்திரமும் பெரிதல்ல. ஆனால் அன்று போய் நின்று, "இதை இடிக்காம சரிபண்ணித் தந்தா நாங்க படிப்பகமா, கலைக்கூடமா வச்சுக்குவோமே" என்று கேட்டபோது வந்த பதில்தான் எங்களை இந்தப் பேச்சுவரை இழுத்து வந்திருக்கிறது. "இது உங்களுதுன்னு காகிதம் ஏதாவது இருக்கா?"

காகிதம் இல்லை. சுண்ணாம்பு அரைத்தது யார், கல் சுமந்தது யார், கூலி வாங்காமல் ஓடு வேய்ந்தது யார் என்று பெயர் சொல்லக்கூடிய கிழவிகள் இரண்டு பேர் இருந்தார்கள். அது காகிதம் ஆகாதாம்.

அந்தக் கேள்வியோடுதான் வாசிக்க ஆரம்பித்தோம். வாசிப்பு அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. நம் மரபில் இது புதிய பாதை அல்ல. 1873இல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்கு அவர்கள் அனுப்பும் மனுவைப் பற்றி விசாரித்தார். நாங்கள் விசாரிக்கப் போனது அதைவிடச் சின்ன விஷயம். கிராமத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று கட்டிய பள்ளிக்கூடம் மூடப்பட்ட பிறகு அந்தக் கட்டடத்தை என்ன செய்தார்கள்?

அங்கே அவற்றுக்கு ரோசன்வால்ட் பள்ளிகள் என்று பெயர். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தாலும், 1896இல் உச்சநீதிமன்றம் 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற தத்துவத்தை ஒப்புக்கொண்டது. தனி என்பது நடந்தது, சமம் என்பது நடக்கவேயில்லை. வெள்ளைக் குழந்தைகளுக்குச் செங்கல் கட்டடம். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தேவாலயத்தின் ஒரு மூலை, அல்லது சந்து விட்ட பலகைக் கொட்டகை. வெள்ளையர் பள்ளியில் கிழிந்த பாடப்புத்தகம்தான் இங்கே புதுப் புத்தகம்.

அடிமையாகப் பிறந்து, அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிலையத்தை வளர்த்தெடுத்தவர் புக்கர் டி. வாஷிங்டன். சியர்ஸ் ரோபக் என்ற பெரிய தபால்வழி வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1911இல் இருவரும் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு ரோசன்வால்ட் தன் ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி டஸ்கீகிக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதில் மிஞ்சியது 2,800 டாலர். அதைக் கொண்டு கிராமங்களில் ஆறு சின்னப் பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். 1913இல் அலபாமாவின் லோச்சபோக்காவில் முதல் பள்ளி எழுந்தது. 1932இல் திட்டம் நிறுத்தப்பட்டபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிக்கூடங்கள், 217 ஆசிரியர் வீடுகள், 163 தொழிற்கூடங்கள். 1928 வாக்கில் தெற்கின் கிராமப்புறத்தில் கறுப்பினக் குழந்தைகள் படித்த பள்ளிகளில் ஐந்தில் ஒன்று இப்படிக் கட்டியதுதான்.

வாஷிங்டன் மீது நமக்கு விமர்சனம் உண்டு. வெள்ளையரின் அரசியல் அதிகாரத்தோடு மோதாமல், கைத்தொழில் கற்று முன்னேறலாம் என்ற அவருடைய பாதையை டுபாய்ஸ் 1903இலேயே கடுமையாக மறுத்தார். ஒதுக்கலை உடைக்காமல் ஒதுக்கலுக்குள்ளேயே நல்ல கட்டடம் கட்டித்தருவது என்ன விடுதலை என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு நாங்கள் பேசவில்லை.

ஆனால் 'ரோசன்வால்ட் கட்டிக்கொடுத்த பள்ளி' என்று சொல்வதே பாதிப் பொய். கணக்கைப் பாருங்கள். மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்ட் நிதி தந்தது சுமார் 43 லட்சம். கறுப்பின மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது சுமார் 47 லட்சம். கோடீஸ்வரரைவிடக் கூலிக்காரர்கள் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளையரின் நன்கொடை சுமார் 12 லட்சம். மீதி அரசின் வரிப்பணம். அந்த வரியையும் கறுப்பின மக்கள் கட்டினார்கள். கட்டிய வரி வெள்ளையர் பள்ளிக்குப் போனது, தங்கள் பள்ளிக்கு மறுபடி மடியை அவிழ்க்க வேண்டியிருந்தது. கல்வி வரலாற்றாளர் ஜேம்ஸ் டி. ஆண்டர்சன் இதை இரட்டை வரி என்று எழுதுகிறார். அந்த 47 லட்சத்தில் அடங்காத உழைப்பும் உண்டு. மரம் வெட்டியது, பலகை அறுத்தது, நிலம் கொடுத்தது என்று.

ஆண்டர்சன் நூலில் வரும் ஒரு சம்பவத்தை எங்களால் மறக்க முடியவில்லை. அலபாமாவில் ஓர் ஊர்க்கூட்டம். பருத்தி பொய்த்துப்போன காலம். அடிமைக் காலத்தைக் கண்ணால் கண்ட ஒரு முதியவர் எழுந்து வந்து, எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய பையை மேசைமேல் கவிழ்க்கிறார். அவருடைய ஆயுள் சம்பாத்தியம் முழுவதும் அதில்தான். எண்ணிப் பார்த்தால் 38 டாலர். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போய் உட்காருகிறார். வேறு ஊர்களில் வயலில் ஒரு துண்டைப் பள்ளிக்கென்று ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியை விற்றுப் பணம் கட்டினார்கள். பெண்கள் சமைத்து விற்றார்கள். ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டியதிலும் ஆட்களைச் சேர்த்ததிலும் ஜீன்ஸ் நிதியின் உதவியில் வேலை பார்த்த கறுப்பின ஆசிரியைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கட்டடங்களில் அவர்கள் பெயர் அரிதாகவே இருக்கும்.

இவ்வளவும் கொடுத்து முடித்த பிறகு ஒரு நிபந்தனை. நிலமும் கட்டடமும் அரசுப் பள்ளி நிர்வாகத்தின் பெயருக்கு எழுதிக்கொடுக்கப்பட வேண்டும். இதற்கு ஒரு நியாயம் இருந்தது: பள்ளி அரசின் சொத்தானால்தான் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும், பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த நிர்வாகம் என்பது வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்திருந்த வட்டாரக் கல்விக்குழு. உழைப்பு ஒருவருடையது, பத்திரம் இன்னொருவருடையது. பஞ்சமி நிலம் பற்றிப் பேசியே தொண்டை காய்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கட்டடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் வரைபடங்களை உருவாக்கியவர்கள் டஸ்கீகியின் கட்டடக்கலை ஆசிரியர்கள். அவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ஆர். டெய்லர், எம்.ஐ.டி.யில் 1892இல் பட்டம் பெற்றவர், அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கான வரைபடம் என்பதால் வெளிச்சம்தான் முதல் கணக்கு. உயரமான ஜன்னல்களை விலக்கி விலக்கி வைக்காமல் வரிசையாக ஒட்டி வைத்தார்கள். கிழக்கு அல்லது மேற்கு வெளிச்சம் விழும்படி கட்டடத்தைத் திருப்பி நிறுத்தினார்கள். எழுதும் கையின் நிழல் சிலேட்டில் விழாதபடி, ஒளி பிள்ளையின் இடது தோளுக்கு மேலாக வரவேண்டும் என்று பெஞ்சுகளைப் போட்டார்கள். ஈரமும் கறையானும் ஏறாமல் இருக்கச் செங்கல் தூண்கள்மேல் தரையைத் தூக்கி வைத்தார்கள். பள்ளி வளாகம் குறைந்தது இரண்டு ஏக்கர். நம் சேரிப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஏரிக்கரைப் பள்ளமோ சுடுகாட்டுப் பாதையோ என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இரண்டு வகுப்பறைக்கு நடுவில் நிரந்தரச் சுவர் வைக்காமல், நகர்த்தக்கூடிய தட்டியை வைத்தார்கள். தட்டியைத் தள்ளினால் இரண்டு அறையும் ஒரே மண்டபம். டஸ்கீகி 1915இல் வெளியிட்ட வரைபட நூலின் பெயரிலேயே கிராமப் பள்ளியும் அதற்கும் சமூகத்துக்கும் உள்ள உறவும் என்ற பொருள் இருக்கிறது. அதாவது பகலில் பள்ளி, மாலையில் ஊர்ச்சாவடி என்பது பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்த மறுபயன்பாடு அல்ல. வரைபடத்திலேயே இருந்தது. அந்த மண்டபத்தில் ஆண்டு முடிவில் பிள்ளைகளின் பாட்டு, நாடகம், ஒப்புவித்தல் நடந்தன. விவசாயிகள் கூட்டம் நடந்தது. ரோசன்வால்ட் தினம் என்று ஒரு நாளில் ஊரே கூடி, வெள்ளையடித்து, வேலி கட்டி, பாடிச் சாப்பிட்டுக் கலைந்தார்கள். வெள்ளையரின் அரங்குகளில் நுழைய முடியாத மக்களுக்குச் சபையை விட்டால் இதுதான் மேடை.

அந்த நிதிக்கும் கலைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1928 முதல் 1948 வரை கறுப்பினக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நல்கை கொடுத்தது. லாங்ஸ்டன் ஹியூஸ், சோரா நீல் ஹர்ஸ்டன், நாட்டியக் கலைஞர் கேத்தரின் டன்ஹம், புகைப்படக்காரர் கார்டன் பார்க்ஸ் என்று பட்டியல் நீளும். தெற்கிலிருந்து வடக்கே பெயர்ந்த லட்சக்கணக்கான மக்களின் கதையை 60 ஓவியங்களாக ஜேக்கப் லாரன்ஸ் தீட்டியது இந்த நல்கையின் துணையோடுதான்.

1954இல் பிரவுன் வழக்கில் உச்சநீதிமன்றம், பள்ளிகளில் இன ஒதுக்கல் சட்டவிரோதம் என்றது. பெரிய வெற்றி. அதை நாங்கள் ஒரு வார்த்தையும் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் தீர்ப்பை நிறைவேற்றிய விதத்தில் ஓர் அநியாயம் இருந்தது. சேர்த்துப் படிக்க வைப்பது என்றால் அவர்கள் அகராதியில் கறுப்பினப் பள்ளியை மூடுவது என்று பொருள். வெள்ளைப் பிள்ளை இந்தப் பக்கம் வராது, கறுப்பினப் பிள்ளைதான் பேருந்தேறி அந்தப் பக்கம் போகவேண்டும். பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். தலைமையாசிரியர்கள் பதவி இறங்கினார்கள். பள்ளியின் பெயர், விளையாட்டுக் கோப்பைகள், பழைய மாணவர் படங்கள் எல்லாம் காணாமல் போயின.

வட கரோலினாவின் ஹைட் வட்டாரத்தில் இதை ஏற்க மறுத்தார்கள். 1968-69 கல்வியாண்டு முழுக்கத் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். தலைநகர் ராலேவுக்கு இரண்டு முறை நடைப்பயணம் போனார்கள். ஒன்றாகப் படிப்பதை எதிர்த்து அல்ல. தங்கள் இரண்டு பள்ளிகளை மூடித்தான் ஒன்றாக்க வேண்டுமா என்று கேட்டு. கடைசியில் அந்தப் பள்ளிகள் தப்பின. டேவிட் செசெல்ஸ்கி என்ற வரலாற்றாளர் இதை முழு நூலாகவே எழுதியிருக்கிறார்.

மற்ற இடங்களில் தப்பவில்லை. பத்திரம் கல்விக்குழுவிடம் இருந்ததால் அவர்கள் விற்றார்கள், ஏலம் விட்டார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். சில தேவாலயத்துக்குப் போயின, சில கிடங்காயின, பல மக்கி விழுந்தன. 2002இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, அழியும் ஆபத்தில் இருக்கும் 11 வரலாற்றிடங்களின் பட்டியலில் ரோசன்வால்ட் பள்ளிகளைச் சேர்த்தது. கட்டியவற்றில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

அந்தப் பட்டியல் வருவதற்கு முன்பே சில ஊர்கள் எழுந்திருந்தன. ஜார்ஜியா மாநிலத்தில் காஸ்வில் என்ற ஊர். வேலைக்காக டெட்ராய்ட் போயிருந்த வெப்ஸ்டர் வீலர் ஊர் திரும்பி, முன்நின்று பணம் சேர்த்து 1923இல் எழுப்பிய நோபிள் ஹில் பள்ளி அங்கே இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ரோசன்வால்ட் நிதியோடு கட்டிய முதல் பள்ளி. 1955இல் மூடினார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் சும்மா கிடந்தது. 1980களில் அந்தப் பள்ளியில் படித்து, கல்வியாளராக உயர்ந்து, அதே வீலர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட சூசி வீலர் முன்கை எடுத்தார். 1987இல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் ஏறியது. 1989இல் நோபிள் ஹில்-வீலர் நினைவு மையமாகத் திறந்தார்கள். அந்தப் பகுதிக் கறுப்பின மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் அருங்காட்சியகமாகவும் பண்பாட்டு மையமாகவும் நடக்கிறது. வெளியிலிருந்து நிபுணர் வந்து கண்டெடுத்த இடம் இல்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய பெண் திரும்பி வந்து திறந்த கதவு.

இப்படி மீட்டெடுத்த இடங்களின் கதைகளைப் படித்தபோது வேலை நடக்கும் விதம் ஓரளவு பிடிபட்டது. முதலில் ஆவணம். நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ரோசன்வால்ட் நிதியின் பதிவுகள் இருக்கின்றன. எந்தப் பள்ளி, எந்த வரைபடம், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற அட்டைகளும் புகைப்படங்களும் உண்டு. இடிந்து கிடப்பது எந்தப் பள்ளி என்று அதை வைத்து அடையாளம் கண்டார்கள். கூடவே பழைய மாணவர்களின் வாய்மொழி. அடுத்தது பத்திரம்: கல்விக்குழுவிடமோ தனியாரிடமோ இருப்பதைப் பழைய மாணவர் சங்கத்தின் பெயருக்கு வாங்குவது. தென் கரோலினாவில் பொமாரியா என்ற ஊரின் ஹோப் பள்ளியை, மூடிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1958இல் ஊர்க்காரர்களின் சங்கம் ஒன்று தன் பெயருக்கு வாங்கி வைத்துக்கொண்டது. அதனால்தான் இன்று அது சமூக மையமாக நிற்கிறது. ஜன்னலும் பலகையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பத்திரம் கைமாறிப் போனால் மாற்ற ஒன்றும் இருக்காது.

பிறகுதான் கூரை. மழை உள்ளே வராமல் நிறுத்திவிட்டால் மற்றதற்கு அவகாசம் கிடைக்கும். அதற்கடுத்து ஜன்னல். இங்கேதான் ஆசை தடுமாறும். மக்கிப்போன மரச்சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அலுமினியம் போட்டால் செலவு குறைவு, பார்க்கப் புதுசாக இருக்கும். ஆனால் அந்த ஜன்னல் வரிசையை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு கொட்டகை. நடுத்தட்டி தள்ளும்படியாக இருந்தால் அதை மீட்டுவைப்பதே பாதி வேலை, ஏனென்றால் அரங்கம் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. கழிப்பறை, மின்கம்பி, சக்கர நாற்காலிக்கான சரிவு போன்ற புது வசதிகளைப் பழைய முகப்பைக் கெடுக்காமல் பின்புறம் சேர்க்கலாம்.

இதையெல்லாம் செய்துமுடித்த பிறகுதான் உண்மையான சிக்கல்: தினமும் விளக்குப் போடுவது யார்? திறப்பு விழாவுக்கு நன்கொடை வரும், மின்கட்டணத்துக்கு வராது.

எல்லா மீட்பும் நமக்கு உவப்பானது அல்ல. டெக்சாஸில் கொலம்பியா ரோசன்வால்ட் பள்ளி, 1921இல் கட்டியது, பின்னாளில் வைக்கோல் போடும் கொட்டகையாகக் கிடந்தது. அதைக் கண்டுபிடித்து, பெயர்த்துக் கொண்டுபோய், நகர அருங்காட்சியகத்தின் பின்புறம் நிறுத்திச் சீர்செய்தார்கள். அழிவிலிருந்து காத்தார்கள், நன்றி சொல்லவேண்டும். ஆனாலும் கட்டியவர்களின் மண்ணிலிருந்து பெயர்ந்த கட்டடம் காட்சிப்பொருளாகத்தான் இருக்கமுடியும் என்பது எங்கள் எண்ணம். சாயங்காலம் பிள்ளைகள் ஓடிவர அங்கே தெரு கிடையாது.

இதற்கு நேர்மாறான இடம் தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவு. ரோசன்வால்ட் காலத்துக்கு அரை நூற்றாண்டு முன்னால், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1862இல் விடுபட்ட அடிமைகளுக்காக அங்கே பென் பள்ளி தொடங்கியது. 1948இல் பள்ளியாக இயங்குவது நின்றது. ஆனால் நிலமும் கட்டடங்களும் அந்த நிறுவனத்தின் சொந்தப் பெயரிலேயே இருந்தன. ஆகவே அது சமூக மையமாக மாறியது. 1960களில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே கூரையின்கீழ் தங்கிப் பேசத் தெற்கில் இடம் கிடைக்காத காலத்தில், மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் வந்து தங்கித் திட்டமிட்டது அங்கேதான். இன்று அது கல்லா மக்களின் பண்பாட்டு மையம். ஆப்பிரிக்க மொழிகளின் சாரம் ஊறிய அவர்களுடைய பேச்சு, புல்லால் பின்னும் கூடை, வலை முடைதல், வட்டமாய்ச் சுற்றிப் பாடும் வழிபாட்டுப் பாடல் எல்லாவற்றுக்கும் நவம்பர் மாதத்தில் அங்கே விழா நடக்கிறது. இதில் ஒரு முரண் இருக்கிறது. பள்ளியாக இருந்த காலத்தில் அந்தப் பேச்சைத் திருத்தவேண்டிய கொச்சையாகத்தான் ஆசிரியர்கள் பார்த்தார்கள். பள்ளி மூடிய பிறகுதான் கட்டடம் தன் பிள்ளைகளின் மொழியைப் பேசக் கற்றுக்கொண்டது. நம் சேரிப் பேச்சைப் பிரம்பால் திருத்திய வகுப்பறைகளில் படித்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி நம் பக்கம். இங்கும் இந்தக் கட்டடங்களுக்கு நூறு ஆண்டுக் கதை உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கைக்குப் பின் 1892இல் நில ஒதுக்கீட்டு ஆணை வந்தது. அடுத்த ஆண்டு பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பிறகு லேபர் ஸ்கூல், அரிசன நலப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எனப் பெயர் மாறி மாறி வந்தது. 2023 நிதிநிலை அறிக்கையில், நலத்துறைகள் நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவரும் அறிவிப்பு வந்தபோது நம் இயக்கங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. 'சேரிப் பள்ளி' என்ற முத்திரை போகட்டும், நல்லது என்றவர்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்கென்று இருந்த ஆசிரியர், விடுதி, நிலம் இவற்றுக்கு என்ன உத்தரவாதம் என்றவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஹைட் வட்டாரத்து மக்கள் கேட்டதும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

கட்டடங்களைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. பிள்ளைகள் குறைந்து, இணைந்து, இடம் மாறிப் பூட்டிய லேபர் ஸ்கூல் கட்டடங்கள் எத்தனை, அவை எந்தப் புல எண்ணில் இருக்கின்றன, யார் பெயரில் இருக்கின்றன என்று நாமே ஊர்வாரியாக எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்கப்போவதில்லை.

எங்கள் ஊர்க் கட்டடம் போய்விட்டது. இரண்டு ஊர் தள்ளி அதேபோல் ஒன்று நிற்கிறது. போன தை மாதத்திலிருந்து அங்கே போய்வருகிறோம். அ-பதிவேட்டில் அந்த இடம் அரசுப் புறம்போக்கு, பள்ளிக்கூடம் என்று இருக்கிறது. படிப்பகமும் கலைக்கூடமுமாக ஊர்ச் சங்கத்துக்குப் பயன்பாட்டு உரிமை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். கட்டடத்தின் உறுதியைப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்றும் அதிலேயே எழுதினோம். தாங்காது என்று அவர் சொன்னால் நாங்கள் உள்ளே ஒரு பிள்ளையையும் உட்காரவைக்க மாட்டோம்.

மனு எழுதிய அன்று திண்ணையில் நடந்த சண்டை இந்தப் பேச்சிலிருந்து விடுபடக்கூடாது. இளைஞர்கள், கலைக்கூடம் என்றால் முதலில் பறைப் பயிற்சிதான் என்றார்கள். அந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்த ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். "எங்கப்பன் சாவுக்கு அடிச்ச பறையைக் கையால தொடக்கூடாதுன்னுதான் என்னை இந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டாந்து விட்டாரு. இதுக்குள்ளயே நீங்க அதைக் கொண்டுவர்றீங்களா?" பறை இப்போது விடுதலையின் இசை, மேடையின் இசை என்று எங்களில் சிலர் பதில் சொன்னோம். பழைய தோழர்களுக்கு இந்த வாதம் தெரியும், எத்தனையோ கூட்டத்தில் கேட்டதுதான். ஆனால் அந்தத் திண்ணையில் வைத்துச் சொல்லும்போது நாக்கு அவ்வளவு சுலபமாகப் புரளவில்லை. அவர் சமாதானமாகவில்லை. முதல் அறை படிப்பகம், இரண்டாம் அறை கலைக்கு, என்ன கலை என்பதை ஊர்ப் பெண்களும் சேர்ந்த குழு முடிவு செய்யும் என்பதோடு அன்றைக்குக் கலைந்தோம்.

அந்தப் பெரியவர்தான் மறுவாரம் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே பழைய வருகைப் பதிவேடு ஒன்று, பாதி கறையான் தின்றது. பள்ளி இடம் மாறியபோது குப்பையில் கிடந்ததை எடுத்து வைத்திருந்தாராம். பிள்ளைகளின் பெயரோடு தகப்பன் பெயரும் அதில் இருக்கிறது. கட்டடத்துக்குக் கல் சுமந்ததாக ஊர் சொல்லும் ஆட்களில் ஏழு பேரை இதுவரை அந்தப் பக்கங்களில் கண்டுபிடித்திருக்கிறோம். நகலெடுத்து மனுவோடு இணைத்தாகிவிட்டது. பின்புறக் கூரையில் ஓடு சரிந்த இடத்தில் ஐப்பசி மழைக்குள் தார்ப்பாய் போடவேண்டும். அதற்கு மட்டும் அனுமதி வாங்க வருகிற திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போகிறோம்.